மறதிநோய்க்கு மாத்திரை மட்டுமல்ல

மனநலச் சிகிச்சைகள் குறித்த கட்டுரை ஒன்றைப் படித்தேன். அதில் குழந்தைகளின் கவனக்குறைபாடு, இளைஞர்களின் பதற்றம் ஆகியவற்றுக்கான உளவியல் சிகிச்சைகளை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், முதியோரின் மறதிநோய்க்கு வந்ததும் மாத்திரைகளோடு நிறுத்திக்கொண்டது குறையாகவே படுகிறது. இங்கிலாந்தில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை (சிறு குழுவாக அமர்ந்து, உரையாடல், விளையாட்டு போன்றவற்றால் சிந்தனையைத் தூண்டும் முறை), தொடக்கநிலையிலும் நடுத்தரநிலையிலும் உள்ள மறதிநோயாளிகளுக்கு அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே பரிந்துரைக்கப்படுகிறது. வாரம் இருமுறை, சுமார் 45 நிமிடம் வீதம், 7 வாரங்களில் 14 அமர்வுகள் என்பது அதன் வழக்கமான அமைப்பு. சென்னையில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநலத் தொண்டு நிறுவனம் இதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நினைவைச் சோதிக்காமல் கருத்தைக் கேட்கும் முறைதான். “இது யார் படம், சொல்லுங்கள் பார்ப்போம்” என்றால் பதில் வராத பெரியவர் கூனிக்குறுகிப் போகிறார்; மாறாக, இரண்டு நடிகர்களின் படங்களைக் காட்டி, “இவர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், ஏன்?” என்று கேட்டால், தவறான விடை என்று ஒன்று இல்லாததால் அவருக்குப் பேச்சு எளிதாக வருகிறது. (வீட்டுக்கு வரும் உறவினர்கள் “நான் யார், தெரிகிறதா?” என்று தேர்வு வைப்பதை நிறுத்தினாலே பாதி நன்மை.) நோயை இது குணப்படுத்தாது; எனினும் சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் காணப்பட்டிருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இம்முறையை, செவிலியர்களுக்குப் பயிற்சி அளித்து, மாவட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலேயே தொடங்கலாம்.