எண் போடாத ஃபைனல் ஃபேண்டசிகள்தான் எங்கள் ஊருக்கு வந்தன

ஃபைனல் ஃபேண்டசி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏழு பெரிதா, பத்து பெரிதா, பதினாறு ஏன் இப்படிப் போயிற்று என்று. எண் இல்லாமல் வந்த கிளைக் கேம்களை, அதாவது ஸ்பின்ஆஃப்களை, யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. படிவம் நான்கு படிக்கும் என் அக்கா மகனும் அதையே சொல்கிறான்: "மாமா, ஸ்பின்ஆஃப் எல்லாம் காசு பிடுங்கறதுக்குப் போடறது. மெயின் கேம் மட்டும் விளையாண்டா போதும்." அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன். அவனைப் போல் நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எண் போட்ட கேம்களுக்கு டிவி வேண்டும், பெரிய கன்சோல் வேண்டும், மணிக்கணக்கில் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததே இல்லை. வீட்டுக்கு ஒரே டிவி, அது அம்மா அப்பாவுடையது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பிளேஸ்டேஷன் டிஸ்க் சல்லிசாகக் கிடைத்த காலத்திலும், மிஷின் வைத்திருந்த பையன் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். கையில் பிடித்து விளையாடும் பிஎஸ்பி பழையதாகிக் கைப்பேசிக் கடைகளுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொடர் எங்களுக்குச் சொந்தமாயிற்று. அப்படி வந்ததெல்லாம் கிளைக் கேம்கள்தான். அதனால் அவற்றை யாராவது சில்லறை என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

டிசிடியாவில் இருந்து தொடங்குகிறேன். 2008இல் ஜப்பானில் வெளியான சண்டை கேம். முதல் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை பாகத்துக்கு ஒரு நாயகன், ஒரு வில்லன். அவர்களோடு பதினொன்று, பன்னிரண்டிலிருந்து ஆளுக்கு ஒருவர். மொத்தம் 22 பேர். பட்டியலை மட்டும் பார்த்தால் பழைய முகங்களைக் கூட்டிக் கல்லா கட்டும் வேலை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சண்டைக்கென்று ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. எதிரியை அடித்தால் அவன் உயிர் குறையாது, அவனுடைய துணிச்சல் புள்ளி உன் பக்கம் வரும். சேர்த்து வைத்த அத்தனையையும் இன்னொரு வகை அடியில் ஒரே மூச்சில் இறக்கினால்தான் உயிர் குறையும். இறக்கியதும் நீ வெறுங்கையன். எப்போது சேர்ப்பது, எப்போது இறக்குவது என்பதுதான் ஆட்டமே. அதை மூலக் கேம் எதிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டு பிஎஸ்பி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இணையம் இல்லாமலே மோதலாம் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலம் திரும்பி வரும்வரை, மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருப்போம். பழைய பாகங்களின் செசில் யார், பார்ட்ஸ் யார், டெர்ரா யார் என்று அங்கேதான் எங்களுக்குத் தெரிய வந்தது. மூன்றாம் பாகம் 1990இல் ஜப்பானில் வந்தது, ஆங்கிலத்தில் முறையாக வந்தது 2006இல்தான். ஐந்தாம் பாகம் ஆங்கிலத்துக்கு வர 1999 ஆயிற்று. உலகமே தாமதமாகப் பார்த்த கேம்களை எங்கள் ஊர்ப் பையன் எப்படிப் பார்த்திருப்பான்? டிசிடியாவில் ஓனியன் நைட்டை ஆடிப் பழகி, அந்தப் பையன் யார் என்று தேடித்தான் நான் மூன்றாம் பாகத்துக்கே போனேன். வேறு வேறு கேம்களின் ஆட்களை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு கிராஸ்ஓவர் இதைச் செய்தாலே அது பிழைத்தது என்பேன். கதவைத் திறந்து உள்ளே அனுப்ப வேண்டும்.

அடுத்தது கிரைசிஸ் கோர். 2007இல் பிஎஸ்பிக்கு வந்தது. 1997இல் வெளியான ஏழாம் பாகத்தில் சிறு நினைவாக வந்து போகும் ஸாக் என்பவனின் கதை. அவன் சாகப்போகிறான் என்பது விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு இத்தனை மணி நேரம் எப்படி நகர்த்துவார்கள் என்று நினைத்தேன். சண்டை நடக்கும்போது திரையின் மூலையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஸாக்கின் வாழ்க்கையில் வந்த ஆட்களின் முகங்கள் அதில் ஓடும். முகங்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு பலம் கிடைக்கும், சில நேரம் ஒரு நினைவு திரையில் விரியும். முதலில் இது தேவையில்லாத தொல்லை என்றே பலரும் எழுதினார்கள். கடைசிச் சண்டைக்கு வாருங்கள். ஒருவனை எதிர்த்து ஒரு பட்டாளமே நிற்கிறது. சக்கரம் திணறுகிறது. முகங்கள் ஒவ்வொன்றாக மங்கி அழிகின்றன. கடைசியாகப் போகிறவள் அவன் நேசித்த ஏரித். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறோம், ஒன்றும் நடப்பதில்லை. இதைப் படமாகக் காட்ட முடியாது, நாவலில் எழுதவும் முடியாது. சக்கரத்தை அத்தனை நேரம் சுழற்றிப் பழகிய கைக்குத்தான் அது வலிக்கும். மூலக் கேமின் ஓரத்தில் கிடந்த ஒருவனை இந்த உயரத்துக்குக் கொண்டுபோனது எண் இல்லாத கேம்.

டாக்டிக்ஸ் என்ற கிளைக் கேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது, மன்னிக்கவும். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. இயக்கியவர் யசுமி மட்சுனோ. நான் ஒழுங்காகப் புரிந்து விளையாடியது 2007இல் வந்த பிஎஸ்பி பதிப்பைத்தான். நாயகன் ராம்ஸா பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. டெலிட்டா சாதாரணக் குடியில் பிறந்து, ராம்ஸாவின் அப்பா தயவில் அதே வீட்டில் வளர்ந்தவன். ஒன்றாகப் படிக்கிறார்கள், ஒன்றாக வாள் பிடிக்கிறார்கள், புல்லை வாயில் வைத்து ஊதுகிறார்கள். பிறகு டெலிட்டாவின் தங்கையைக் கிளர்ச்சிக்காரர்கள் பிணையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கோட்டை வாசல் வருகிறது. ராம்ஸாவின் அண்ணனே உத்தரவிட, அவளை ஊடுருவி அம்பு பாய்கிறது. பிரபு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் அந்த உத்தரவு வந்திருக்குமா? கேம் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. துரை பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்த தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்கவும் வேண்டாம். என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து அலுவலகப் பெரிய கிராணி வீட்டுப் பிள்ளையோடு நான் பந்து விளையாடியிருக்கிறேன், அவன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. இத்தனை எண் போட்ட பாகங்களில் எனக்கு இவ்வளவு அருகில் வந்து உட்கார்ந்த பாத்திரம் டெலிட்டா போல் வேறு யாரும் இல்லை.

டாக்டிக்ஸிலும் ஒரு கிராஸ்ஓவர் இருக்கிறது. ஏழாம் பாகத்து நாயகன் கிளவுட் வருகிறான். எப்படி வருகிறான் என்பதைப் பாருங்கள். கதையின் ஓரத்தில், தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைப்பான். வந்ததும் முதல் நிலையில் நிற்பான். அவனுக்குரிய வாளைக் கண்டெடுக்கும்வரை அவனுடைய வித்தைகள் எதுவும் பலிக்காது. புகழ்பெற்ற முகம் என்பதற்காக ராம்ஸாவின் கதையை யாரும் அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தாளி விருந்தாளியாகவே இருக்கிறான்.

டாக்டிக்ஸ் நடக்கும் ஐவலிஸ் நாடு 2006இல் பன்னிரண்டாம் பாகத்துக்கே களமாயிற்று. 2017இல் பதினான்காம் பாகத்தின் ஆன்லைன் உலகுக்குள் ஐவலிஸ் கதையை எழுதவும் மட்சுனோவையே அழைத்தார்கள். கிளையிலிருந்து மரத்துக்குச் சத்துப் போயிருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1991இல் கேம் பாயில் ஃபைனல் ஃபேண்டசியின் கிளைக்கதை என்ற பெயரோடு வந்த ஒரு சின்ன கேமிலிருந்துதான் மானா என்ற இன்னொரு கேம் தொடர் முழுவதும் பிறந்தது. அக்கா மகன் மானாவை மிகவும் விரும்புகிறவன். அதன் பிறப்பை அவன் தெரிந்துகொள்ளட்டும்.

எனவே என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். தெரிந்த முகங்களை எல்லாம் எடுத்துவிடு. மிச்சம் என்ன? டிஸ்னி பாத்திரங்களோடு ஃபைனல் ஃபேண்டசி ஆட்களைச் சேர்த்த கிங்டம் ஹார்ட்ஸ் தொடர் இந்தச் சோதனைக்குத் தன்னையே கொடுத்துப் பார்த்தது. 2002இல் முதல் பாகத்தில் கிளவுட், ஏரித், செஃபிரோத் எல்லாரும் டிஸ்னி பாத்திரங்களோடு நின்றார்கள். 2019இல் மூன்றாம் பாகம் வந்தபோது அவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. ரசிகர்கள் கோபப்பட்டார்கள், ஆனாலும் கேம் நின்றது. அதன் நாயகன் சோராவுக்கு அதற்குள் சொந்தக் கால் முளைத்திருந்தது. அந்தத் தொடரின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. கதையின் முக்கியத் துண்டுகளைக் கேம் பாய் அட்வான்ஸில் ஒன்று, டிஎஸ்ஸில் ஒன்று, பிஎஸ்பியில் ஒன்று, 3டிஎஸ்ஸில் ஒன்று என்று இறைத்தார்கள். அத்தனை மிஷினும் எந்தத் தோட்டத்துப் பிள்ளையிடம் இருக்கும்? 2013லிருந்து தொகுப்புகளாகப் போட்டு அதைச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கிரிஸ்டல் கிரானிகல்ஸ் என்ற இன்னொரு கிளைக் கேமிலும் இதே கதை. 2003இல் கேம்கியூப் பதிப்பில் நாலு பேர் சேர்ந்து ஆட ஆளுக்கு ஒரு கேம் பாய் அட்வான்ஸும் கேபிளும் வேண்டும். 2020இல் மறுபதிப்பு வந்தபோது ஒரே அறையில் உட்கார்ந்து ஆடும் வசதியையே எடுத்துவிட்டு இணையத்துக்கு மாற்றினார்கள். சேர்ந்து தண்ணீர் தேடிப் போகிறவர்களைப் போல ஒரு குடத்தைச் சுமந்து நடக்கும் கேம் அது. பக்கத்தில் ஆள் இல்லாமல் அதை விளையாடி என்ன பயன்?

அக்கா மகனின் கோபத்தில் நியாயம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். கைப்பேசியில் வந்த கிராஸ்ஓவர்கள். எல்லாப் பாகத்து நாயகர்களையும் குலுக்கலில் போட்டு, காசு கட்டி இழுக்கச் சொல்லும் கேம்கள். எங்கள் ஊரில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விழுந்துவிடும், அடுத்த முறை விழுந்துவிடும் என்று அதே முகம், அதே நடுக்கம். பகுதி நேர வேலைச் சம்பளத்தை அப்படியே டாப் அப்பில் போட்ட பையன்களை எனக்குத் தெரியும். கிரைசிஸ் கோரிலும் முகங்கள் சுழன்றன, ஒரு காசு கேட்கவில்லை. அங்கே சக்கரம் கதைக்காகச் சுழன்றது.

அதைவிடக் கொடுமை, அவை நிற்பதில்லை. ரெக்கார்ட் கீப்பரின் உலகப் பதிப்பு 2022இல் மூடப்பட்டது. டிசிடியாவின் கைப்பேசி வாரிசான ஓபரா ஓம்னியா 2024 பிப்ரவரியில் போயிற்று. பிரேவ் எக்ஸ்வியஸின் உலகப் பதிப்பு அதே ஆண்டு அக்டோபரில். சர்வரை நிறுத்தினால் கட்டிய காசு மட்டும் போவதில்லை, கதை, இசை, வரைந்த படங்கள் எல்லாமே போகின்றன. ஓபரா ஓம்னியா மோசமான கேம் அல்ல என்பதுதான் என் ஆதங்கம். பழைய துணிச்சல் புள்ளிக் கணக்கை மாறி மாறி அடிக்கும் சண்டைக்கு அழகாக மாற்றியிருந்தார்கள். வேறு வேறு பாகத்து ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காட்சிகள் எவ்வளவோ இருந்தன. இன்று ஒரு பிள்ளை அதை விளையாட ஆசைப்பட்டால் வழியில்லை. 2008ஆம் ஆண்டு டிஸ்க் என் அலமாரியில் இருக்கிறது, போட்டால் ஓடும்.

காப்பாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேப்காம் நிறுவனம் தன் மெகா மேன் எக்ஸ் டைவ் என்ற கைப்பேசி கேமை 2023இல் காசு கொடுத்து ஒருமுறை வாங்கும் ஆஃப்லைன் பதிப்பாகப் போட்டது. நின்டெண்டோ தன் பாக்கெட் கேம்ப் கைப்பேசி கேமை 2024 டிசம்பரில் அப்படியே செய்தது. காசு கட்டி இழுக்கும் குலுக்கல் இல்லை, எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வழி தெரிந்த வழிதான்.

2025 ஜூனில் மேஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டோடு ஃபைனல் ஃபேண்டசி சேர்ந்தது. ஒரே நாளில் 20 கோடி டாலர் விற்பனை என்று அதை வெளியிடும் ஹாஸ்ப்ரோ அறிவித்தது. விலை எங்கள் பையன்களுக்கு எட்டாது, குலுக்கல் வாசனை அதிலும் உண்டு. ஆனால் வாங்கிய அட்டையை யாரும் வந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. நண்பனுக்குக் கொடுக்கலாம், தம்பிக்கு விட்டுவைக்கலாம். கைப்பேசி கேமுக்கும் அந்த உரிமை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கிராஸ்ஓவர் வேண்டாம் என்று கூச்சலிடுவதை விட்டுவிட்டு, ஃபைனல் ஃபேண்டசியை வெளியிடும் ஸ்குவேர் எனிக்ஸின் பக்கங்களில் போய் ஓபரா ஓம்னியாவின் ஆஃப்லைன் பதிப்பைக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பரவாயில்லை. நான் எழுதியிருக்கிறேன். அக்கா மகனே, டாக்டிக்ஸின் புதுப் பதிப்பு, ஐவலிஸ் கிரானிகல்ஸ், 2025 செப்டம்பர் 30இல் வந்துவிட்டது. வசனத்துக்குக் குரலும் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வா. கோட்டை வாசல் வரைக்கும் விளையாடு, அதற்குப் பிறகு பேசுவோம்.