‘இரு’ உட்கார்ந்த சொல், ‘எக்ஸிஸ்ட்’ எழுந்து நிற்கும் சொல்
‘எக்ஸிஸ்ட்’ (exist) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதன் மூலமான லத்தீனிலேயே சும்மா ‘இருத்தல்’தான் பொருள், நம் ‘இரு’வுக்கு அது நேர்ச்சொல் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மூலம் ‘எக்ஸிஸ்டெரே’. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘சிஸ்டெரே’ என்றால் நிற்க வைப்பது, நிற்பது. ஆக, வெளிப்பட்டு நிற்பது, தோன்றுவது என்பதுதான் முதல் பொருள். வெறும் இருப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ரெசிஸ்ட், இன்சிஸ்ட், அசிஸ்ட் எல்லாவற்றிலும் அதே நிற்பு உண்டு. நம் ‘இரு’வோ உட்கார்ந்த சொல். எங்கள் ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கடைவீதியில் தமிழ். அவசரப்பட்டால் பாட்டி ‘உண்டு’ என்பார், எதிர்வீட்டு அம்மா ‘இரு’ என்பார்; இரண்டுக்கும் ‘கொஞ்சம் பொறு’ என்றே அர்த்தம். வெளியே வந்து நிற்கிற வாசனையே அதில் கிடையாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தபோதுதான் அந்த லத்தீன் சொல் எனக்கு உறைத்தது: மாடு மீட்கப் போய்ச் செத்தவன், கல்லில் வில்லோடு புடைத்து நிற்கிறான்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் ‘எக்ஸிட்’டும் (exit) இதே வேர் என்கிறார். இல்லை, ‘எக்ஸ்’ மட்டும்தான் பொது. அங்கே மிச்சம் இருப்பது ‘போ’ என்று பொருள்படும் ‘ஈரே’.