ஜீனோம் சுருங்கினால் ஒட்டுண்ணி ஆகிவிடாது
"பூச்சிகளின் குடல் பாக்டீரியாக்கள் எல்லாமே ஜீனோம் சுருங்கிப்போன ஒட்டுண்ணிகள்தான், எடுத்துவிட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள் (ஜீனோம் என்றால் ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ தொகுப்பு). இது சரியில்லை.

நீங்கள் உதாரணம் காட்டிய, அசுவினிப் பூச்சியின் புக்னேரா என்ற பாக்டீரியா குடலுக்குள் இருப்பதே இல்லை. அதற்கென்றே உள்ள தனி செல்களுக்குள் வாழ்கிறது. அதன் ஜீனோம் சுமார் 6.4 லட்சம் டி.என்.ஏ எழுத்துகள்தான், சாதாரணக் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையுடையது 46 லட்சம். சுருங்கியது உண்மை. ஆனால் எது மிஞ்சியது என்று பாருங்கள்: அத்தியாவசிய அமினோ அமிலங்களை, அதாவது பூச்சியால் தானே தயாரிக்க முடியாத புரதக் கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள். அசுவினி குடிக்கும் செடிச்சாற்றில் மிகக் குறைவாக இருப்பதும் அவைதான்.

குடலிலேயே வாழ்பவை வேண்டுமென்றால் நாவாய்ப்பூச்சிகளைப் பாருங்கள். மெகாகோப்டா என்ற இனத்தில் தாய்ப்பூச்சி முட்டைகளுக்கு அடியில் பாக்டீரியா நிறைந்த சின்னச் சின்னப் பழுப்பு உறைகளையும் சேர்த்தே வைக்கிறது. பொரித்து வரும் குஞ்சு முதல் வேலையாக அதில் வாயை ஊன்றி உறிஞ்சுகிறது. உறையை எடுத்துவிட்டால் குஞ்சுகள் அதைத் தேடி அலைகின்றன, வளர்ச்சி குன்றிப் பல செத்தும் போகின்றன. அந்த உறையைப் பற்றிப் படித்த பிறகு "ஒட்டுண்ணி" என்ற சொல் எனக்கு வாயில் வரவே இல்லை.

அப்புறம், "எல்லாமே சுருங்கியவை" என்பதும் தவறு. ரிப்டோர்ட்டஸ் என்ற நாவாய்ப்பூச்சி தன் குடலில் வாழும் பர்கோல்டேரியா பாக்டீரியாவைத் தாயிடமிருந்து வாங்குவதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியிலும் தனியாகப் பிழைக்க வேண்டியிருப்பதால் அந்த பாக்டீரியாவின் ஜீனோம் ஏறக்குறைய 70 லட்சம் எழுத்துகள், ஈ.கோலையைவிடப் பெரியது. பதிவில் அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.