ரத்தம் கருவாடு கேட்குமா?

ஞாயிற்றுக்கிழமை கிடா விருந்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இதற்குள் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதையை நான் திரும்ப ஓட்டப் போவதில்லை. நாங்கள் தத்தெடுத்து வளர்க்கும் எட்டு வயதுப் பெண் பிள்ளை கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு "கருவாடு இல்லைங்களா?" என்று கேட்டது. அதற்குப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் "ரத்தம் எங்கே போகும்" என்று பெரியம்மா சொல்ல என்ன இருக்கிறது?

கருவாடு என்ன கொங்கு நாட்டுக்கே ஆகாத பண்டமா? வாரச்சந்தையில் கருவாட்டுக்காரரைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ராமேஸ்வரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களா? கம்பங்கூழுக்குக் கருவாடு சுட்டுக் கடித்துக்கொண்ட வீடுதானே உங்கள் வீடும்! அவளுக்கு அதைப் பழக்கியதே என் அம்மா, அவளுடைய அமுச்சி. நெத்திலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் அலசி, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டுச் சுருள வதக்குவார். ராகிக்களி உருண்டையில் விரலால் குழி பறித்து அதற்குள் வைத்து ஊட்டுவார். இவள் கண்ணில் தண்ணீர் ஓட ஓட "இன்னொன்னு" என்பாள். இது ரத்தமா, அமுச்சி கையா?

மரபணுவில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடனே ஓடி வராதீர்கள். ஒருவருக்குக் கசப்பது இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது என்பதை 1931ல் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தில் ஒரு பொடி பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்தது, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அது பிறப்பிலேயே வருவதுதான். டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகள் 540 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1986ல் வந்தது. அவர்களுடைய உடல் எடை பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு அல்ல. படித்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, அது எடை. கருவாடு அல்ல.

"முதல் தடவையே முகம் சுளிக்காமல் தின்றாளே, அது எப்படி?" என்பீர்கள். அதற்கும் சொல்கிறேன். 2001ல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மார்களையும் கேரட் சாறு குடிக்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் கேரட் கலந்த கூழை அவ்வளவாக முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. தாய் சாப்பிட்டதன் வாசம் வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குப் போகிறது, பாலிலும் போகிறது. ஆக, இவளைச் சுமந்தவள் கருவாடு சாப்பிட்டிருக்கலாம். அப்போதும் அது ரத்தம் இல்லை, சாப்பாடு. அந்தப் பெண் யாரோ, எந்த ஊரோ. அந்த மாசங்களில் கருவாடோ கஞ்சியோ வயிறு நிறையக் கிடைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ரத்தம்தான் ருசியை முடிவு செய்யும் என்றால் நம் தாத்தன் பாட்டன் தின்ற கம்பஞ்சோறு எங்கே போனது? எங்கள் அப்பாரு நோம்பி நாளில்தான் நெல்லுச்சோற்றைப் பார்த்தவர். 1955ல் பவானிசாகர் அணை கட்டி முடித்தார்கள், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வீட்டுக்கு வீடு நெல்லுச்சோறு வந்தது. வாய்க்கால் தண்ணீரில் எல்லாருடைய ரத்தமும் மாறிவிட்டதா?

இன்னொன்று. என் வீட்டுக்காரர் கத்தரிக்காயைத் தொடமாட்டார். அவர் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவராவது "இவன் யார் ரத்தமோ" என்று கேட்டதுண்டா? "அவனுக்கு ஆகாது, விடு" என்று அப்பளம் பொரித்துப் போடுவீர்கள். என் மகள் கறியை ஒதுக்கினால் மட்டும் ஆராய்ச்சி. வந்த புதிதில் தோசைத் துண்டை கவுன் பாக்கெட்டில் ஒளித்து வைப்பாள். குழந்தைகள் இல்லத்தில் நேரத்துக்கு நேரம் அளந்து கிடைத்த சாப்பாடு, அடுத்த வேளை வருமோ வராதோ என்ற பயம். அதையும் "பிறவிக்குணம்" என்றீர்கள். பயம் போனதும் ஒளிப்பதும் போய்விட்டது. பிறவிக்குணம் எப்படிங்க போகும்?

"பெரியவங்க ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாங்க" என்று சமாதானம் பேச வருகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். விளையாட்டு இல்லை. ரத்தம் என்று வாய் சொன்னாலும் மனசு கேட்டது எந்தக் கூட்டம், எந்தக் குலதெய்வம், எந்தச் சாதி என்றுதான். அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் கருவாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைப் பெற்றவர்கள் யார் என்று எங்களுக்கே சொல்லமாட்டார்கள், சட்டம் அப்படி. பெரியவளானதும் தேடிப் பார்க்க அவள் ஆசைப்பட்டால் கேட்கலாம். கோர்ட் உத்தரவில் அப்பா அம்மா என்று இருப்பது எங்கள் பெயர்.

நேற்று அம்மா தூக்குப்போசியில் நெத்திலி வறுவல் கொடுத்து அனுப்பியிருந்தார். "எனக்கு வேண்டாம், கறியே போடுங்கம்மா" என்றாள். கறியை மெல்ல முடியாமல் தண்ணீர் குடித்து விழுங்கினாள். ஒரு விருந்துக்குக் கூட்டிப்போனதற்கு இதுதான் மிச்சம்.

பெரியம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். காட்டட்டுங்க. அடுத்த மாதம் சீருக்கு மூன்று பேரும் வருவோம். பந்தியில் அவள் பக்கத்தில் நான்தான் உட்காருவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.