ஆபா எண் எடுத்தா பழைய ஃபைல் வேண்டாமா?

"ஆபா எண் எடுத்துட்டா ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில ஒரே கம்ப்யூட்டர்ல சேர்ந்துடும், எந்த டாக்டரும் பாக்கலாம், பழைய ஃபைலைத் தூக்கிப் போடுங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். தப்புங்க. ஆபாங்கிறது (ABHA) மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்துல குடுக்கிற ஹெல்த் கணக்கு எண். 2021 செப்டம்பர்ல நாடு முழுக்க வந்த திட்டம் அது. அந்த 14 இலக்க எண் வெறும் அடையாளம்தான். பதிவு எந்த ஆஸ்பத்திரியில உருவாச்சோ அங்கேயேதான் இருக்கும். நாம சம்மதிச்சாதான் வேற இடத்துக்குப் போகும். குடுத்த சம்மதத்தை ரத்தும் பண்ணலாம்.

குடியாத்தத்துல கையால எழுதிக் குடுத்த சீட்டு தானா ஆபா கணக்குல ஏறாது. எங்கம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்கிறது ஓரம் கிழிஞ்ச ஒரே ஒரு சீட்டுலதான் இருக்கு, அதுவும் சிவப்பு மையில. வேலூருக்கு பஸ் ஏறினா மஞ்சப்பையோட அது மடியில இருக்கும். போட்டோ எடுத்து ஆப்ல நான்தான் ஏத்தினேன். பையை இன்னும் தூக்கிப் போடலை.