எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான்

நூறை எட்டவிருந்த பாட்டியைப் பற்றிப் பேரன் எழுதிய ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் 96 வயது வரை இருந்த எங்கள் அப்பத்தா நினைவுக்கு வந்துவிட்டார்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கே கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருந்த அவருடைய அப்பச்சி (அப்பா) பாதித் தூரம் நடந்தே ஊர் திரும்பினாராம். "முகப்புல நின்னவுகளை ஆத்தாளுக்கே அடையாளம் தெரியலைய்யா" என்று சொல்லும்போது, எண்பது வருடம் கழித்தும் அப்பத்தாவின் குரல் உடையும். 1942-ல் அப்பத்தாவுக்கு 16 வயது.

வெள்ளைப் பணியாரத்துக்கு அவர் கணக்கு ஒன்றுதான்: ஒரு உழக்கு பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேல் கோபுரமாக உளுந்து. மாவு பஞ்சு போல வரும் வரை ஆட்டுக்கல்லை விட்டு எழ மாட்டார். கிரைண்டர் வந்த பிறகும் மாவைத் தொட்டுப் பார்க்காமல் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நானும் அதே அளவில்தான் செய்கிறேன், அந்த மென்மை வரவில்லை.

அப்புறம், திரித்த இழையை ஏற்றி மாவோடு விழுங்கும் பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து 21 நூலிழைகளை உருவித் திரிப்பது அவர் வேலை. பார்வை மங்கிய பிறகும் விரலாலேயே எண்ணுவார். எரியும் இழையை மாவோடு வாயில் போட நான் பயந்து அழுதபோது, "கண்ணை மூடிக்கிட்டு முழுங்குய்யா, நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தடவினார்.

அவர் முடைந்த கொட்டான் (ஓலைக் கூடை) ஒன்று சென்னை வீட்டில் இருக்கிறது. ஓலை பழுத்துவிட்டது, பின்னல் இன்னும் விடவில்லை.