எந்த ஞாயிறுங்க அந்த ‘வரும் ஞாயிறு’?

வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம்’. மேலே வரிசையாகத் தலைவர்கள், நடுவில் கைகூப்பியபடி ஒருவர், அவருக்குக் கீழே ஸ்டாம்ப் சைஸில் இன்னொரு இருபது முகம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒருத்தர் விடாமல் பேரும் பட்டமும் போட்டாச்சு. நாள்: வரும் ஞாயிறு. நேரம்: காலை முதல். இடம்: நமது அலுவலக வளாகம்.

எந்த ஞாயிறு? யாருடைய அலுவலகம்? இந்தப் படம் என் கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை குரூப் ஏறி இறங்கியதோ! அந்த ‘வரும் ஞாயிறு’ வந்து, முகாம் முடிந்து, பந்தலையும் பிரித்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் பட்டம் போட இடம் இருந்ததே, ஒரு தேதிக்கு இடம் இல்லையா?

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பேரன் அனுப்பிய இதே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “எய்யா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு” என்றார். என்ன சொல்ல? ஆச்சிக்குத் தெரிய வேண்டியது வேறு. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா? ஆதார் நகல் வேண்டுமா? புரை இருக்கிறது என்றால் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவிடும் முகாம்கள் உண்டு. இதுவும் அப்படியா? அப்படியென்றால் மாற்றுத்துணியும் கூட ஒரு ஆளும் வேண்டாமா? ஒன்றுமே அதில் இல்லை. இத்தனைக்கும் இது கண் முகாமுக்கான போஸ்டர். நல்ல கண் உள்ளவனே இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் எழுத்து தெரிகிறது.

கீழே பளிச்சென்று ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. அதுவும் படத்துக்குள் இருக்கிறது, தொட்டால் அழைப்பு போகாது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்தேன். எடுத்தவர் சொன்னார்: “சார், நான் டிசைன் பண்ணவன். முகாமைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

இந்த ஒரு முகாமின் கதை இல்லை இது. புத்தக வெளியீடு, ரத்ததான முகாம், கோடைப் பயிற்சி, நூலகத்து வாசகர் வட்டக் கூட்டம், எல்லாம் இதே லட்சணம்தான். ரத்ததானம் என்றால் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஆண்கள் முன்பு கொடுத்து மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும். இதை இரண்டு வரியில் எழுதிவிடலாம். எழுதுவதில்லை. ‘உயிர் காக்க வாரீர்’ என்று மட்டும் கூப்பிடுவார்கள். போனவனை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

ஃபேஸ்புக் இன்னும் மோசம். சனிக்கிழமை மாலை கூட்டம் என்றால் சனிக்கிழமை மதியம் பதிவு வரும். நான் அதைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. அங்கே போட்ட வரிசையில் எதுவும் வராது என்பது இன்றைக்குத் தெரிந்த சேதியா? பக்கங்கள் போடும் பதிவைக் குறைத்து, சொந்தக்காரர், நண்பர் போடுவதை முன்னால் காட்டப்போகிறோம் என்று 2018 ஜனவரியிலேயே அவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு ‘போட்டாச்சு’ என்றால் ஊருக்கே சொல்லியாச்சு என்று அர்த்தம். கமெண்டில் போய் “இடம் எங்கே?” என்று கேட்டுப்பாருங்கள். அதற்கு மேலே பதினைந்து “வாழ்த்துகள் அண்ணா”, கீழே பதினைந்து “சிறக்கட்டும் அண்ணா”. நம் கேள்விக்கு ஒரு லைக் விழும். பதில் வராது.

ஆனால் நிகழ்ச்சி முடியட்டும், அப்புறம் பாருங்கள் வேகத்தை. சால்வை தோளில் இறங்குவதற்கு முன்னால் படம் ஏறிவிடும். விளக்கேற்றுவது, சால்வை போர்த்துவது, போர்த்தியவருக்கே திரும்பப் போர்த்துவது, குரூப் போட்டோ. மேடையில் பதினாறு பேர். எதிரே இருக்கும் நாற்காலிகளைக் காட்டும் படம் மட்டும் எப்போதும் இருக்காது. எனக்குப் புரிந்தவரை, இவர்கள் பதிவு போடுவது நம்மைக் கூப்பிட இல்லை. மேலே இருக்கும் யாருக்கோ, நாங்கள் நடத்தினோம் பாருங்கள் என்று கணக்குக் காட்டத்தான். அதற்குத் தேதி எதற்கு, வழி எதற்கு? முகம் தெரிந்தால் போதும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த நாள் ஒரு பதிவு வரும் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ‘இவ்வளவு செலவு செய்து இலவசமாக நடத்தினாலும் மக்கள் வருவதில்லை. விழிப்புணர்வே இல்லாத சமுதாயம்.’ யோவ்!

நமக்கு அழைக்கத் தெரியாதா என்ன? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் திருவிழாவைக் கொடை என்போம். அந்தக் கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதிலும் வரிதாரர், உபயதாரர் பேரெல்லாம் முழ நீளத்துக்கு இருக்கும். ஆனால் கால்நாட்டு என்றைக்கு, குடியழைப்பு எத்தனை மணிக்கு, வில்லிசை எப்போது, மதியக் கொடை எப்போது, சாமக்கொடை எப்போது என்று நாளும் கிழமையும் மணியும் ஒன்றுகூடத் தப்பாது. அதை வைத்துக்கொண்டு மும்பையில் இருப்பவன் டிக்கெட் போட்டு வருகிறான். கொடைக்கு நோட்டீஸ் அடிக்கிற அதே ஆட்கள்தான் முகாமுக்கும் போஸ்டர் போடுகிறார்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோதும் முதலில் பழைய தகவலே சுற்றிச் சுற்றி வந்தது. ஏற்கெனவே மீட்கப்பட்டவரைத் தேடிப் படகு போனது. பிறகு எழுதுகிறவர்கள் சுதாரித்துக்கொண்டு, இத்தனாம் தேதி, இத்தனை மணி நிலவரம், சரிபார்த்தது என்று சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள். ஆக, அவசரம் என்று நினைத்தால் எல்லாருக்கும் எழுத வருகிறது.

கிராம சபையைச் சொல்லாமல் விட முடியாது. வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதி ஊரறிந்தது. இந்தத் தடவை பள்ளிக்கூடத்திலா, சமுதாயக் கூடத்திலா, எத்தனை மணிக்கு என்பதுதான் சொன்னால் தெரியும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்தச் சொன்னது. ஒரு மனுஷன் கழுத்தில் பறையை மாட்டித் தெருத்தெருவாக விட்ட வழக்கம், ஒழிந்தது நல்லது. அதற்குப் பதில் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றும் அரசே வழி சொன்னது. எங்கள் ஊரில் ஆட்டோவும் வரவில்லை, மைக்கும் வரவில்லை. யாரோ ஒருவர் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அவர் நம்பரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மட்டும், ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க அழைப்பு! மறுநாள் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று படம் வந்தது.

நான் கேட்பது ஒன்றும் பெரிசு இல்லை. படம் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. படத்தோடு நாலு வரி டைப் அடித்துப் போடுங்கள். என்ன நிகழ்ச்சி, ஆண்டோடு சேர்த்துத் தேதி, ஆரம்பிக்கும் மணி, முடியும் மணி, பஸ் ஸ்டாப் பேரோடு இடம், கூட ஒரு மேப் லிங்க், என்ன கொண்டு வர வேண்டும், போனை எடுத்துப் பதில் சொல்லும் ஒருவரின் நம்பர். டைப் அடித்த எழுத்தென்றால் தேடினால் கிடைக்கும், நம்பரைத் தொட்டால் அழைப்பு போகும், பார்வையில்லாதவருக்கு அவர் போனே வாசித்துக் காட்டும். ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை போடுங்கள். கமெண்டில் கேட்டால் பதில் சொல்லுங்கள். நிகழ்ச்சி தள்ளிப்போனால் அதையும் அதே இடத்தில் சொல்லுங்கள்.

அதற்குக் கீழே அண்ணன் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்?